காபிக்கு உள்ள மரியாதை

ரஃபான் நாட்டுக் குடிமக்களுக்கும், அண்டை நாடுகளுக்கும், அகில உலகத்துக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எந்த எதிரியாவது நம் மண்ணில் கால் வைத்தால், அக்கணமே நம் எண்ணெய்க் கிணறுகள் அனைத்தையும் நாமே கொளுத்திவிடுவோம். உலகம் இருளட்டும். நம் சொத்தை நாசம் செய்யும் உரிமையை நாம் எவருக்கும் விட்டுத்தர மாட்டோம். இது வெறும் பேச்சல்ல என்பதை மெய்ப்பிக்க, இம்மாதக் கடைசியில் ஒரு கிணறு முறைப்படி கொளுத்தப்படும்.

வானொலியில் இதை வாசித்தவருக்குக் கடைசி வரியில் குரல் தழுதழுத்தது. நாங்கள் எங்கள் ஊரான உம்மு சித்ராவின் பெட்ரோல் நிலையத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"திருடன் வந்தா வீட்டைக் கொளுத்திருவேன்னு கதவுல எழுதி ஒட்டுறானுங்க," என்றான் முத்லக். என் சித்தப்பா மகன்.

"அது பரவால்லப்பா. எழுதினது நெசந்தான்னு காட்ட மொதல்ல அடுப்படியக் கொளுத்தப் போறானுங்க பாரு," என்றார் பெட்ரோல் நிலையத்து ஜாஸி.

"அது சரி, எந்த எதிரியாம்?"

"பேரு சொல்லல. சொன்னா அவங்க கோவிச்சுக்குவாங்கல்ல."

சிரித்தோம். அப்போது கிணறு எங்களுடையதாக இல்லை.

முதலில் ஏழாம் கிணற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வெடிமருந்து லாரி அங்கே போய்ச் சேருவதற்குள் அந்தப் பக்கத்துக் குலத்தலைவர், நாட்டை ஆளும் அமீரின் சபைக்குப் போய், ஊற்றிய காபியைக் குடிக்காமல் கிண்ணத்தைத் தன் முன்னால் வைத்துவிட்டார். எங்கள் வழக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: எனக்கு ஒரு தேவை இருக்கிறது. என்ன தேவை என்று கேட்கும் முன்பே வீட்டுக்காரர் 'குடி, உன் காரியம் முடிந்தது' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாதவர் வீட்டு வாசலில் அப்புறம் எவனும் செருப்பைக் கழற்ற மாட்டான்.

அமீர் சொன்னார். லாரி பன்னிரண்டாம் கிணற்றுக்குத் திரும்பியது. அந்தப் பக்கத்தில் குதிரை வளர்ப்பவர்கள் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். பத்தொன்பதுக்குப் போனது. அங்கே அமீருடைய மைத்துனரின் ராஜாளி வேட்டைக் கூடாரம் இருந்தது; அவர் கிண்ணத்தை வைத்ததோடு நிற்காமல் பேரீச்சம்பழத்தையும் தொடவில்லையாம். நாட்டின் பாதுகாப்புக் கொள்கை முழுவதும் ஒரு லாரியில் ஏறிப் பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. டீசல் போட வரும்போதெல்லாம் ஜாஸி கேட்பார்: "இன்னைக்கு எந்தக் கிணறு தம்பி?" ஓட்டுநர் வானத்தைக் காட்டுவான்.

பிறகு ஒருநாள் லாரி எங்கள் ஊரைத் தாண்டி முப்பத்தொன்றாம் கிணற்றருகே நின்றது. அப்புறம் நகரவில்லை.

முத்லக்கின் மகள் வத்ஹாவுக்கு நுரையீரல் சரியில்லை. அந்த வீட்டில் சாம்பிராணி போட்டதே கிடையாது. அகிற்புகை வாசனையோடு வரும் விருந்தாளியை முத்லக் வாசலிலேயே முகர்ந்து பார்த்து, மேலங்கியைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவான். இதற்காகவே அவனோடு பேச்சை நிறுத்திய உறவினர்கள் உண்டு. முப்பத்தொன்று எரிந்தால் வடகாற்று அதன் புகையைக் கொண்டுவந்து எங்கள் கூரைகள்மேல்தான் இறக்கும். மகளைத் தலைநகருக்கு அனுப்பலாம் என்றால் உத்தரவு வந்துவிட்டது: ஊரைவிட்டு யாரும் வெளியேறக் கூடாது. வெளியேறினால் நாம் அஞ்சுவதாக எதிரி நினைப்பான்.

"நாளைக்கு சபைக்குப் போவோம் பெரியப்பா மவனே," என்றான் முத்லக். "ஒரு கிண்ணம். அவ்வளவுதானே."

போனோம். அமீர் எழுந்து நின்று வரவேற்றார். மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரித்தார். அவர் பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு வெளிநாட்டு ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். ஊழியன் தட்டோடு வந்தான். தட்டில் சின்னக் கண்ணாடிக் குவளைகள். தேநீர்.

முத்லக் குவளையை வாங்கினான். பிறகு குடிக்காமல் தன் முன்னால் வைத்தான்.

அமீர் புன்னகைத்து, எங்கள் வழக்கப்படி மகள் பெயரால் அவனை அழைத்தார். "குடி, அபூ வத்ஹா. ஆறிடும்."

"ஆயுசு நீளணும் அமீரே. எனக்கு ஒரு தேவை இருக்கு."

"தெரியுதுப்பா. ஆனா அது காபிக்கு உள்ள மரியாதையாச்சே. தேநீருக்கு நம்ம பெரியவங்க எதுவும் சொல்லி வைக்கலையே."

"அப்ப ஒரு காபி குடுக்கச் சொல்லுங்க."

"தீந்துபோச்சு."

உள்ளே யாரோ ஏலக்காய் இடித்துக்கொண்டிருந்தார்கள்; காபிக் கொட்டையை வறுக்கும் வாசனை சபை முழுக்க நிறைந்திருந்தது. எல்லாரும் கம்பளத்தைப் பார்த்தோம்.

"என் புள்ளைக்குப் புகை ஆகாது அமீரே. விடிஞ்சா மூச்சு விடவே கஷ்டப்படுது. அவளை மட்டுமாவது ஊரைவிட்டு அனுப்ப விடுங்க."

அமீர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் அமீரின் காதில் ஏதோ சொன்னார். அமீர் பெருமூச்சு விட்டார். நிஜமான பெருமூச்சுதான், கல்நெஞ்சக்காரர் அல்ல அவர். "ஒருத்தரை விட்டா எல்லாரும் போவாங்க. நம்ம உறுதிய உலகம் நம்பணும்ல? குடிப்பா. சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கு."

விழா நன்றாக நடந்தது என்று செய்தியில் சொன்னார்கள். குளிர்சாதனக் கூடாரம் போட்டு எல்லா நாட்டுத் தூதர்களுக்கும் அழைப்பு அனுப்பினார்கள். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கூடாரம் மாறி வந்தவர், பக்கத்தில் நடந்த ஒட்டகப் பந்தயத்தைப் பார்க்கக் கிளம்பியவர். அமீரின் மகன் பொத்தானை அமுக்கினான். தீ எழுந்தபோது ராணுவ வாத்தியக்குழு தேசிய கீதத்தை வாசித்தது. பாதியில் புகை திரும்பியதால் முடிக்க முடியவில்லை. கிணற்றை எப்படிக் கொளுத்துவது என்று கற்றுக்கொண்டவர்கள், எப்படி அணைப்பது என்பதை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் வைத்திருந்தார்கள்.

நண்பகலில் ஊரில் விளக்குப் போட்டோம். முத்லக் ஈரத் துணிகளால் ஜன்னல் இடுக்குகளை அடைத்தான். பிறகு உத்தரவாவது ஒன்றாவது என்று மகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு தெற்கே விரட்டினான். நானும் கூட இருந்தேன். விருந்தினர் கார்கள் திரும்புவதற்காகச் சாலையை மறித்திருந்தார்கள். முத்லக் காவலனிடம் கெஞ்சினான், திட்டினான், தலைத்துணியைக் கழற்றி அவன் காலடியில் போட்டான். காவலனும் அழுதான்; ஆனால் தடுப்பைத் திறக்கவில்லை. கார்கள் வரிசையாகப் போயின. வத்ஹா என் மடியில் கிடந்தாள். அவர்கள் போய் முடிப்பதற்குள் அவள் முடிந்துவிட்டாள்.

துக்கக் கூடாரத்தின் இரண்டாம் நாள் அமீரே வந்தார். காபி ஊற்றும் வேலை என்னுடையது. அடுப்பில் தேநீரும் இருந்தது. முத்லக்கைப் பார்த்துத் தேநீர்ப் பாத்திரத்தின் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவன் தலையை அசைத்து மறுத்தான். "காபி ஊத்து."

ஊற்றினேன். அமீர் கிண்ணத்தை வாங்கினார். குடிக்காமல் தன் முன்னால் வைத்தார்.

முத்லக் அந்தக் கிண்ணத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குடிங்க அமீரே," என்றான் கடைசியில். "உங்க காரியம் முடிஞ்சுது."

அமீர் குடித்துவிட்டுத் தன் தேவையைச் சொன்னார். குழந்தை நெடுநாள் நோயில் இறந்தது என்றே முத்லக் வெளியே சொல்ல வேண்டும். புகையைப் பற்றிப் பேசக் கூடாது. நம் ஆயுதம் நம்மையே கொன்றது என்று தெரிந்தால் எதிரி சிரிப்பான்.

முத்லக் வாக்குத் தவறவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் நோய் என்றே சொல்கிறான். வாக்குக் கொடுத்தவன் அவன். நான் காபி ஊற்றியவன் மட்டும்தான்.

முப்பத்தொன்று இன்னும் எரிகிறது. எங்கள்மேல் படையெடுக்கப்போவதாக யாரும் சொன்னதில்லை.