களிம்பில் பதிந்த குதிரை

அண்ணன் உள்ளங்கையை விரித்தான். நாலு செப்புக்காசுகளும் கடையில் வாங்கிய புதுக் குழாய் மாதிரி மின்னின.

"எப்படி? கண்ணு கூசுதில்ல?"

சின்னு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு பக்கம் ஒன்றுமில்லை. திருப்பினாள். அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த வெறும் செம்பு வட்டங்கள்.

"எதுல போட்ட?"

"நம்ம ஆசிட்லதான். குழாயில ஜாயின்ட் வைக்கிறதுக்கு முன்னாடி கழுவுவோமே. பச்சைக் களிம்பு இருந்தா ஈயம் ஒட்டாது. செம்பு சிரிக்கணும்."

"இதுக்கு ஈயம் வைக்கப் போறியா?"

அண்ணனின் முகத்தில் இருந்த பெருமை மெல்ல இறங்கியது. அவன் குழாய் வேலைக்காரன். பதினாறு வருடமாகச் செம்பைச் சிரிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறான்.

"எழுத்து செம்புல இல்லண்ணா. செம்பு எப்பவோ அரிச்சுப் போச்சு. மேல இருந்த அந்தப் பச்சையிலதான் எல்லாம் இருந்தது. நீ அதைக் கழுவி ஊத்திட்ட."

அவள் சத்தம் போடவில்லை. அவளுக்குச் சத்தம் வராது. தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் நாலு வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே பாதிப் பேருக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஆனால் அண்ணனுக்கு அந்த மெல்லிய குரலே போதுமாக இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டான்.

மணி ஒன்று இருபது.

மூன்று மணிக்குக் கலவை லாரி வரும். இரண்டு தெரு தள்ளிக் கட்டிடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் மண்ணுக்குள் பழைய குழாய் ஏதும் ஓடுகிறதா என்று பார்க்க நேற்று மேஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். புதைந்த குழாயைத் தேடத்தான் அண்ணன் ஓர் உலோக டிடெக்டரை வாங்கி வைத்திருந்தான். வடக்குச் சுவர் ஓரம் அது வீறிட்டது. தோண்டினால் குழாய் இல்லை, பச்சைக் கட்டி ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் ஊறப்போட்டுத் திருகியதும் ஐந்து காசுகளாகப் பிரிந்தது. கட்டியை எடுத்த பிறகும் அந்த இடத்தில் இரண்டு ஆள் நீளத்துக்குக் கருவி விடாமல் கத்தியதாம்.

அதாவது, இன்னும் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் அது ஒரு கட்டிடத்துக்கு அடியில் இருக்கும்.

காலையில் சின்னு அருங்காட்சியக அதிகாரிக்குச் செய்தி அனுப்பினாள். போன் செய்யவில்லை, போன் என்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதில் வந்தது: "ஒரு காசிலாவது முகப்பில் உருவமோ எழுத்தோ தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். வெறும் கட்டியைக் காட்டி நிறுத்த முடியாது."

அவள் ஒரு காசை மட்டும் எடுத்து, கிண்ணத்தில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிப் போட்டு வைத்தாள். மற்ற நாலையும் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். உதவி செய்வதாக நினைத்து அண்ணன் எடுத்துக்கொண்டு போனது அந்த நாலைத்தான்.

அண்ணி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "நாசமாக்கிட்டாரா?"

"நாலு போச்சு அண்ணி."

"என் பட்டுப்புடவையையும் இவர் இப்படித்தான் சோப்புப் போட்டுத் துவைச்சுக் குடுத்தார். இது வெளிய தெரிஞ்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்களா சின்னு?"

"வாயைக் கழுவுடி" என்றான் அண்ணன். ஆனால் அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

சின்னு கிண்ணத்திலிருந்து ஐந்தாவது காசை எடுத்தாள். பூதக்கண்ணாடியை மசாலா டப்பா மேல் சாய்த்தாள். பல்குச்சியின் முனையைக் கத்தியால் சீவினாள். ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சுரண்டல், பஞ்சால் ஓர் ஒற்றல். மண் வந்தது. மறுபடி ஒரு சொட்டு. மறுபடி மண். பின்பக்கம் முழுக்க வெளிறிய பச்சைப் பொடி. தொட்டால் மாவாக உதிர்ந்தது. அந்தப் பக்கத்தைத் தலை முழுகிவிட்டு முன்பக்கத்துக்கு வந்தாள். அங்கே களிம்பு கெட்டியாக இருந்தது. ஆனால் கோடு எதுவும் மேலெழும்பவில்லை. அங்கங்கே பள்ளங்கள் மட்டும். அரிப்புக் குழிகள்.

இரண்டு மணி.

"முகம் இந்தப் பச்சைத் தோலுக்கு அடியில இருக்கும்" என்றான் அண்ணன், தோளுக்குப் பின்னாலிருந்து. "தோலை உரிச்சுடு."

"மூச்சு விடாத, ஆடுது."

"ஒரே ஒரு சொட்டு ஆசிட்..."

"ஏங்க, நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு இருபது. சின்னுவின் கழுத்து மரத்துப் போயிருந்தது. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ? மேல்தோல் வெறும் புண்ணாக இருக்கலாம். அடியில் முகம் பத்திரமாக இருக்கலாம். இன்னும் நாற்பது நிமிடம். குச்சியைக் களிம்பின் விளிம்புக்கு அடியில் செருகினாள். லேசாக நெம்பினாள். மயிரிழை அளவுக்கு அது மேலே எழும்பியது. அடியில் செம்பின் சிவப்புத் தெரிந்தது.

இன்னொரு நெம்பு. அவ்வளவுதான் வேண்டும்.

இடது கையில் இருந்த ஈரப் பஞ்சிலிருந்து சொட்டு ஒன்று காசின் நடுவில் விழுந்தது.

அது உருண்டு ஓடவில்லை. ஒரு பள்ளத்துக்குள் இறங்கி, அங்கிருந்து அடுத்த பள்ளத்துக்கு வளைந்து, இரண்டாகப் பிரிந்து, நின்றது. நின்ற தண்ணீர் வெளிச்சத்தில் பளிச்சிட்டது. நாலு கால். ஒரு வால், மேலே தூக்கியபடி.

அவள் குச்சியைத் தூரப் போட்டாள்.

"என்னாச்சு? உடைச்சிட்டியா?"

"குழி இல்லண்ணா." அவள் பூதக்கண்ணாடியை அவன் பக்கம் திருப்பினாள். "குதிரை. பள்ளமா இருக்கு. இது இந்தக் காசோட முகமே இல்ல. இது மேல ஒட்டிட்டு இருந்த காசோட முகம். அது அழுத்தி அழுத்தி இந்தக் களிம்புல அச்சு விழுந்திருக்கு. தலைகீழா, முத்திரை மாதிரி."

டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து அண்ணி பிடித்துக்கொண்டாள். சின்னு படம் எடுத்தாள். போனில் இடவலமாகத் திருப்பினாள். குதிரைக்கு மேல் ஒரு பிறை, ஓரத்தில் மூன்று எழுத்துகள். படம் போய்ச் சேர்ந்தது. படித்ததற்கான அடையாளம் வரவில்லை.

இரண்டு நாற்பது. மூன்று பேரும் ஓடினார்கள். வீட்டைப் பூட்டினோமா என்று அண்ணி பாதித் தெருவில் கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

லாரி முன்னதாகவே வந்துவிட்டது. உருளை கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கலவை வழியும் தகரச் சரிவை வடக்குக் குழிக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"மேஸ்திரி, பத்து நிமிஷம் பொறுங்க" என்றான் அண்ணன்.

"குழாய்க்காரரே, உங்க கருவி கத்துச்சுன்னு நான் கலவையைக் கையில ஏந்திட்டு நிக்க முடியுமா? உள்ளயே இறுகிப் போச்சுன்னா டிரைவர் என்னைத்தான் உருளையில போட்டுச் சுத்துவான். பெரிய ஆபீசர் யாராவது சொல்லட்டும், நிறுத்துறேன்."

போன் அடித்தது. சின்னு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுடி!" என்றாள் அண்ணி.

எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நீங்கதானே படம் அனுப்பினது?" அதிகாரி அம்மாளின் குரல் அவசரமாக இருந்தது. "பள்ளமா இருக்கிற மாதிரித் தெரியுதே. யாராவது அச்சு எடுத்து விளையாடுறீங்களா?"

"இல்ல மேடம். பக்கத்துக் காசு... ஒட்டியிருந்துச்சு. அதோட பதிவு."

"சரி. அப்போ அந்தப் பக்கத்துக் காசு எங்க? குதிரை அதுல மேடா இருக்கணுமே. ரெண்டையும் சேர்த்து வெச்சு ஒரு படம் அனுப்புங்க. இப்பவே நிறுத்தச் சொல்றேன்."

சின்னு அண்ணனின் பக்கம் திரும்பினாள். அண்ணன் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்று. அவன் சட்டைப்பையில் நாலு காசுகளும் ஒன்றோடொன்று உரசின. காணோம் என்று சொல்லலாம். ஒரே காசுதான் கிடைத்தது என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் இந்தக் குதிரை எங்கிருந்து வந்தது?

"ஹலோ? இருக்கீங்களா?"

லாரியின் உருளை திசை மாறிச் சுற்றத் தொடங்கியது. சரிவின் தலைப்பில் சாம்பல் நிறக் கூழ் எட்டிப் பார்த்தது.

"அந்தக் காசு இருக்கு மேடம்" என்றாள் சின்னு. அவள் குரல் அவளுக்கே புதிதாக, உரக்கக் கேட்டது. "ஆனா அதுல குதிரை இல்ல. கழுவிட்டோம். நாலு காசைக் கழுவிட்டோம். மிச்சம் இருக்கிறது இந்தப் பதிவு ஒண்ணுதான்."

அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான்.

"கழுவினோம் இல்ல மேடம். நான்தான் கழுவினேன். அவளுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய்க் கழுவினேன். என் மேல என்ன வேணா எழுதிக்கோங்க. ஆனா குழிக்குள்ள இன்னும் கத்துது. நான் கேட்டேன்."

கூழ் சரிவில் பாதித் தூரம் இறங்கியிருந்தது.

"மேஸ்திரிகிட்ட குடுங்க."

மேஸ்திரி போனைக் காதில் வைத்தார். "சொல்லுங்கம்மா... ஆமா... எழுத்துல வருமா? ... சரி, சரி." அவர் கையை உயர்த்தினார். "டேய், நிறுத்து! சரிவைத் திருப்பு. மதில் ஓரத்துல ஊத்து. வடக்குப் பக்கம் ஒருத்தன் இறங்கக் கூடாது."

கூழின் முதல் வீச்சு குழியின் ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி விழுந்தது. பிறகு சரிவு திரும்பியது.

அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி போனை அண்ணனிடம் திருப்பித் தந்தார். "உங்களைத்தான் கேக்குறாங்க."

அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

"சொல்லுங்க மேடம்... இருக்கு, நாலும் பையிலதான் இருக்கு... ஆமா, குழாய் ஆசிட்." போனை மறு காதுக்கு மாற்றினான். "எவ்வளவு நேரம் ஊறப்போட்டேன்னா?"

அவன் சின்னுவைப் பார்த்தான். அவள் அதற்குள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்திருந்தாள். ஆய்வகத்தில் எழுதுவது போலத் தேதியைப் போட்டு, பேனாவை ஊன்றிக் காத்திருந்தாள்.

"குழாய்க்கு எவ்வளவு நேரமோ," என்றான் அண்ணன் அவளைப் பார்த்தபடியே, "அவ்வளவு நேரம்தான் மேடம்."