இருநூற்றுப் பதினான்கு நீங்கலாக

1

இந்தக் கதை எனக்குச் சேவூர் போகும் டவுன் பஸ்ஸில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடச் சரியில்லை, கையில் திணிக்கப்பட்டது. போன மாசி மாதம் ஒரு பெண்மணி எனக்கு நன்றி சொன்னார். அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. திருப்பிக் கொடுக்கவும் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

முதல் வரியை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். அடித்துப்போட்டதில் இரண்டை உங்கள் பார்வைக்கு விட்டுவைக்கிறேன்.

‘கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன காலம் அது, அப்போதெல்லாம்...’

(அழகாகத்தான் இருக்கிறது. செருப்பில் ஆரம்பித்தால் பழைய நாட்களை நினைத்து உருகிக்கொண்டே இருப்பேன். செய்த காரியத்துக்கு வந்து சேர மாட்டேன்.)

‘வணிக அறிக்கை மென்பொருளில் ஒரு கேள்வியைச் சேமித்து வைப்பது என்பது...’

(என்பது என்ன? முடிக்கத் தெரியவில்லை. முடித்தாலும் யார் படிப்பார்கள்?)

2

உருக மாட்டேன் என்று சொன்னேனே தவிர, அந்த அறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999-இல் ஆரணியில் ஒரு பட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் கலசப்பாக்கத்துப் பெண். வேலூரில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்தேன், வயது இருபத்து நான்கு. ஆயுத பூஜைக்கு மானிட்டர் நெற்றியில் வைத்த குங்குமம் அடுத்த ஆயுத பூஜை வரை அழியாது. கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும். கத்தல் கேட்டதும் கீழே பட்டு எடை போடுகிற அய்யனார், “சங்கீதா, சேவ் பண்ணிடு, ஜல்தி!” என்று குரல் கொடுப்பார். எதை எங்கே சேவ் பண்ண வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு நாள் தவறியதில்லை. கரண்ட் போனால் இன்றைக்கும் அந்தக் குரலைத்தான் எதிர்பார்க்கிறேன்.

நிறுவனத்தின் நடைமுறை எளிது. ஒவ்வொரு நெசவாளருக்கும் ஓர் எண். அந்த எண்ணில் நீளவாட்டு இழைக்குப் பாவும், குறுக்கே ஓட்ட ஊடைப் பட்டும் கொடுப்பார்கள். ஒரு பாவுக்கு மூன்று சேலை நெய்து, வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அதே எண்ணில் கொடுக்க வேண்டும். அபிதகுசாம்பாள் அம்மா மேசையில் விரித்து, கரை நேராக இருக்கிறதா, ஊடை சீராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். சரியில்லாவிட்டால் ‘குறை’ என்று எழுதுவார். வருடத்தில் மூன்று குறை விழுந்தால் அந்த எண்ணுக்குப் பாவு கிடையாது. இரண்டு மாதம் தறி ஓடாவிட்டாலும் கிடையாது. ஒருவர் நெய்ததை இன்னொருவர் எண்ணில் கொடுத்தால் இருவருக்குமே கிடையாது. பாவுக்குக் காத்திருக்கிறவர்கள் பட்டியல் எப்போதும் நீளமாக இருந்தது.

3

2002-இல் முதலாளியின் மகன் ராஜ்குமார் சென்னையிலிருந்து அறிக்கை மென்பொருள் ஒன்றை வாங்கி வந்தார். அதுவரை அவர் ஏதாவது கேட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக உட்கார்ந்து எழுதுவேன். இதில் அந்தத் தொல்லை இல்லை. கேள்வியை ஒருமுறை எழுதிப் பெயர் வைத்துச் சேமித்துவிட்டால் போதும். எந்த மாதம் என்று மட்டும் அது கேட்கும். சொன்னால் பட்டியல் வந்துவிடும். சேமித்த ஒரு கேள்வியின் மேல் இன்னொரு கேள்வியைக் கட்டலாம். ஒருமுறை அரைத்து வைத்த மாவில் இட்லியும் வைக்கலாம், தோசையும் ஊற்றலாம், அப்படி.

“நான் தெனமும் வந்து உன்ன கேட்டுகினு நிக்கக் கூடாது சங்கீதா,” என்றார் ராஜ்குமார். “நீ லீவுல இருந்தாலும் நான் பட்டன் தட்டுனா வரணும். மொதல்ல நெசவாளருங்க லிஸ்ட். எத்தினி சேல, எத்தினி குறை. குறை கம்மியா கீறவங்க மேல வரணும்.”

“எதுக்குங்க சார்?”

“மெட்ராஸ் எக்ஸிபிஷன்ல தறி போடப் போறோம். மொத ஆள அங்க உக்கார வெச்சி, ஜனங்க முன்னாடியே நெய்யச் சொல்லணும்.”

அவர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் எனக்கு வசதி, அந்த வசதி கிடைக்கவில்லை.

4

கேள்வியை எழுதி முடித்து ஓட்டினேன். முதல் வரியில் எண் 214. ராஜவேலு, சேவூர். ஒன்பது மாதத்தில் இருபத்தேழு சேலை, குறை ஒன்றுகூட இல்லை.

ராஜவேலுவைப் பற்றி ‘எப்போதும் சிரித்த முகமாக’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவரை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். சிரித்தாரா என்று நினைவில்லை. வலது கையின் மேல் ஒரு துண்டு போட்டிருந்தார், மூட்டையை இடது கையால் நீட்டினார். அதை நான் பார்த்தேன், பார்த்தும் எதுவும் தோன்றவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஓர் ஆள் நம்மிடம் இருக்கிறாரே என்று அவர் தெருவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். அங்கேதான் இடித்தது. மீதிப் பதினோரு எண்களுக்கும் குறை இருந்தது. ஆளுக்கு இரண்டு, யாருக்கும் மூன்றாவது இல்லை. தேதிப்படி அடுக்கினால் குறை வீட்டு வரிசைப்படியே போனது. முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று கடைசி வீடு வரை போய், மறுபடியும் முதல் வீட்டுக்குத் திரும்பியிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அபிதகுசாம்பாள் அம்மாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 214-இல் விரலை வைத்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அய்யய்யோ, ஒரு குறகூட வெக்காம உட்டுட்டாங்களா! பைத்தியக்காரப் பசங்க!”

“அம்மா, உங்களுக்குத் தெரியுமா?”

“நான் விரிச்சிப் பாக்கறவடி. யாரு கை எதுன்னு எனக்குத் தெரியாதா?”

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். போன ஆனியில் ராஜவேலு வண்டியிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, ஊடை ஓட்டும் நாடாக் கயிற்றை இழுக்க வராது. தறி நின்றால் எண் போய்விடும். அதுவரை ஊடை இழையைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சாவித்திரி தறியில் உட்கார்ந்தார்.

“புதுக் கை. கரை இழுத்துக்கும், ஊட எறங்காது. அந்த வருசம் தெரு பூரா ஒரே மயில் கழுத்துக் கலரு, ஒரே அரக்குக் கரை. வசதியாப் போச்சி. அவ நெய்ற குறச் சேலைய ஆளுக்கு ஒண்ணா மொற போட்டு வாங்கிகினாங்க. அவங்க வூட்டு நல்ல சேலைய இவன் நம்பர்ல குடுத்தாங்க. இவன் தம்பி வேடியப்பன்தான் மொற வெக்கறது.”

“அதுக்கு, எல்லாமே நல்லதாவா குடுப்பாங்க?”

“அடிபட்டவனுக்குக் குடுக்கறதுல யாராவது மட்டமா பாத்துக் குடுப்பாங்களா?” என்றார்.

இந்தத் தெருக்காரர்கள் செய்த தப்பு இவ்வளவுதான். ஏமாற்றுகிறபோதுகூட அவர்களுக்குக் கஞ்சத்தனம் வரவில்லை. விளைவாக, கை வராத ஒருவர் ஊரிலேயே சிறந்த நெசவாளராகி, சென்னையில் ஆயிரம் பேர் முன்னால் தறியில் உட்கார வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டார். உட்கார்ந்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் பாவு நின்றுவிடும்.

5

இங்கே நான் என்ன செய்திருக்கலாம் என்று மூன்று விதமாக எழுதினேன்.

ராஜ்குமாரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அவர் மனம் இளகியிருக்கலாம். சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அபிதகுசாம்பாள் அம்மா சொன்னபடி செய்திருக்கலாம். “நீயே அவனுக்கு ரெண்டு குறையப் போட்டுடு. பேஜார் உட்டுது,” என்றார். நான் மாட்டேன் என்றேன். பதிவான விவரத்தில் கை வைக்கக் கூடாது என்று வேலூரில் படித்திருந்தேன். (படிப்புத் திமிர். எனக்கு இன்றைக்கும் அது முழுதாகப் போகவில்லை.)

மூன்றாவதைத்தான் செய்தேன். விவரத்தைத் தொடவில்லை, கேள்வியைத் தொட்டேன். நிபந்தனைகள் எழுதுகிற இடத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: எண் 214 நீங்கலாக. சேமித்தேன்.

ராஜ்குமார் பட்டனைத் தட்டினார். முதல் வரியில் வேறு தெரு வெற்றிச்செல்வன் வந்தார். அவரே சென்னைக்குப் போய் மாலை போட்டுக்கொண்டு திரும்பினார். அபிதகுசாம்பாள் அம்மா மல்லிகைப் பூ வாங்கி வந்து எனக்குப் பாதி, மானிட்டருக்குப் பாதி வைத்தார். நாங்கள் இருவரும் வாய் வலிக்கச் சிரித்தோம். என் வேலைக் காலத்தில் அவ்வளவு நல்ல நாள் இன்னொன்று இல்லை. அடுத்த தைக்குள் சாவித்திரியின் கை தேறிவிட்டது, மாற்றிக் கொடுக்கும் தேவை போய்விட்டது.

அந்த வரியை அப்போதே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

2004-இல் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனேன். எனக்குப் பின் வந்த பாலமுருகனுக்கு ஒரு வாரம் வேலை சொல்லிக் கொடுத்தேன். “புதுசா எந்த லிஸ்ட் கேட்டாலும் இத அடியில வச்சுக் கட்டுங்க. நல்லா சோதிச்சது, தப்பே வராது,” என்று அந்தக் கேள்வியைத்தான் காட்டினேன். வரியைப் பற்றிச் சொல்ல மறந்து

(மறந்தேனா, வெட்கப்பட்டு விட்டுவிட்டேனா என்று தெரியாமல் இந்த வாக்கியத்தை முடிக்கக் கூடாது. அப்படியே கிடக்கட்டும்.)

6

போன மாசியில் அம்மா வீட்டுக்கு வந்தவள், சேவூரில் ஒரு சீமந்தத்துக்காக ஆரணியில் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னையே பார்த்தார்.

“நீங்க பட்டுக் கம்பெனியில கம்ப்யூட்டர்ல இருந்த பொண்ணு இல்ல? நல்லா கீறீங்களாம்மா? நான் சாவித்திரி. ராஜவேலு சம்சாரம்.”

நலம் விசாரித்தேன். தறி ஓடுகிறதாம், பாவு தடையில்லாமல் வருகிறதாம். கணவரின் கையைக் கேட்டேன்.

“அது ஒரு கததான்,” என்றார். “மூணு வருசம் முன்னாடி கம்பெனியிலயே வேலூர் பெரிய டாக்டருங்கள வெச்சி நெசவாளருக்கெல்லாம் இலவசமா ஆபரேசன் பண்ணாங்க. கை, கண்ணு, முதுகு எதுனாலும். இவரு கைய மறுபடி ஒடச்சி நேரா வெச்சா வந்துடும்னு டாக்டரே சொன்னாரு. ரொம்ப லேட் பண்ணாதீங்கன்னாரு. லிஸ்ட்டப் பாத்தா தெருவுல எல்லார் பேரும் கீது. எங்க பேரு மட்டும் இல்ல.”

“கேக்கலியா?” என்றேன்.

“கேட்டம். கம்ப்யூட்டர்ல இல்லன்னாரு அந்தப் புதுத் தம்பி. எங்களுக்குப் புரிஞ்சிபோச்சி. சேல மாத்திக் குடுத்த விசயம் தெரிஞ்சிதான் வெட்டிட்டாங்கன்னு. பெரிய மனசு பண்ணி எங்களோட நிறுத்தினாங்க. நாங்க போய் சண்ட போட்டா மத்த பதினோரு வூடும் மாட்டும். வேடியப்பன் எகிறினான். இவருதான், வாணாம்டா, தெருவ காட்டிக் குடுத்து எனக்குக் கை வாணாம்னுட்டாரு.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சாவித்திரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அபிதாம்மா சொல்லிகீறாங்க, நீங்க எங்களுக்கு இன்னா பண்ணீங்கன்னு. நீங்க இருந்தவரிக்கும் எங்க பேரு பத்திரமா இருந்துதும்மா. நீங்க போனப்புறம்தான் யாரோ எடுத்துட்டாங்க.”

7

என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள்.

முதல் பிரதியில் நான் அழுது, உண்மையைச் சொல்லி, அவர் மன்னித்தார். கிழித்துவிட்டேன், அவர் மன்னிப்பை நான் எழுதிக்கொள்ளக் கூடாது. இரண்டாம் பிரதியில் அலுவலகத்துக்கு ஓடிப்போய் வரியை நீக்கி, ராஜவேலுவை வேலூருக்குக் கூட்டிப்போனேன். நடந்ததில் பாதிதான் அது. பாலமுருகனுக்குப் போன் செய்தேன், ஆபரேஷன் பட்டியலையும் என் கேள்வியின் மேல்தான் கட்டியிருந்தாராம், அன்றைக்கே வரியை எடுத்துவிட்டார். கைக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியாயிற்றாம். உண்மையில் பஸ்ஸில் நான் சொன்னது, “உங்க ஸ்டாப் வந்துடுச்சுங்க,” என்பதுதான்.

கதை எழுதுவானேன், நேரே போய்ச் சொல்லலாமே என்பீர்கள். ஆரணி போய்விட்டால் அங்கிருந்து இருபது நிமிடம்தான். எனக்கும் தெரியும்.

எழுதினால் சாவித்திரியின் கண்ணில் படும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே வரும்போது, அந்தப் பன்னிரண்டு வீடும் இன்னும் அதே நிறுவனத்துக்குத்தான் நெய்கிறது என்று பயம் வந்தது. அதனால் அவர் பெயரை மாற்றினேன். எண்ணை மாற்றினேன். ஊர் சேவூர் இல்லை. விழுந்தது ஆனியில் இல்லை. அடிபட்டது கையா என்பதைக்கூட மாற்றிவிட்டேன். இப்போது அவரே இதைப் படித்தாலும், பாவம், யாரோ ஒரு சாவித்திரிக்கு இப்படி ஆயிற்றே என்று பக்கத்தைத் திருப்புவார். அவர் நன்மைக்காக அவரை விட்டுவிட்டு ஒரு பட்டியலை மறுபடியும் சேமித்திருக்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்க நாளை மதியம் வரை நேரம் இருக்கிறது. அதற்குள் பஸ் ஏறிப் போய், அவரிடம் சொல்லி, அவர் சரியென்றால் எல்லாவற்றையும் உண்மையாக மாற்றி எழுதிவிடலாம். முடிவை நான் எழுதப்போவதில்லை. உங்கள் கைக்கு வரும்போதும் இதில் சாவித்திரி என்றே இருந்தால், நான் போகவில்லை.