எந்தப் படகுத்துறை?

கடலடிக் குழாய் உடைந்து பதினோரு நாள். கரையெல்லாம் எண்ணெய், மூச்சை இழுத்தால் தொண்டைவரை எண்ணெய். குழாய்க்குச் சொந்தமான கம்பெனியின் டைரக்டர் முதல் நாள் டிவியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நாங்கள் அல்லும் பகலும் களத்தில் நிற்கிறோம்" என்றார். பத்தாம் நாள் பார்த்தால் கறுப்புக் கண்ணாடியும் கையில் கிளாஸுமாகத் தன் வெள்ளைப் பாய்மரப் படகில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் போட்டோ இல்லாத போன் ஊரில் இல்லை. வயிறு எரியுமா எரியாதா?

அந்த எரிச்சலையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் மேஸ்திரி. கம்பெனிக்காக மிதவை வேலி போடுகிற பத்துப் பேருக்கு அவன்தான் பொறுப்பு. தண்ணீரில் மிதந்தபடி எண்ணெயை மறிக்கிற அந்த ஆரஞ்சு வேலியில் முந்நூறு மீட்டர்தான் கிடங்கில் மிச்சமிருந்தது. அவன் தங்கை உப்பங்கழிச் சேற்றில் மட்டிச் சிப்பி வளர்க்கிறாள். இரண்டு வருஷப் பாடு. எண்ணெய் இன்னும் கழியை எட்டவில்லை; உள்ளே நுழைந்தால் அத்தனையும் நாசம். "உன் கம்பெனிக்காரங்ககிட்ட கேளுண்ணே" என்று தினமும் கெஞ்சினாள். அவனும் தினமும் கேட்டான். "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தடித்தார் மேனேஜர்.

பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு மேனேஜரே கூப்பிட்டார். "மிச்ச வேலியக் கொண்டுபோய்ப் படகுத்துறையில போட்டுடு. பத்து மணிக்குள்ள முடிஞ்சிருக்கணும்."

மேஸ்திரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படகுத்துறை இருப்பதே உப்பங்கழி கடலோடு சேருகிற வாயில் அல்லவா! உடனே தங்கையை அழைத்தான்.

"பாத்தியா? கம்பெனி நாய்ன்னு என்னை வாய்க்கு வந்தபடி பேசினாங்களே, இப்ப என்ன சொல்றாங்க?"

"முதல்ல போடுண்ணே, அப்புறம் பீத்திக்கலாம்" என்றாள் அவள்.

ஒன்பதரைக்கெல்லாம் வேலி கழியின் வாயை அடைத்து நின்றது. பதினோரு நாளில் முதல் தடவையாக ஒருவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜரின் ஜீப் வந்து நின்றது.

"யோவ், இங்க என்னய்யா பண்றே?"

"நீங்கதானே சார் படகுத்துறைன்னு சொன்னீங்க?"

"கிளப் படகுத்துறைய்யா! பதினோரு மணிக்குப் பாய்மரப் போட்டி. டைரக்டரோட படகுல ஒரு சொட்டுக் கறை பட்டாலும் என் சீட்டு கிழிஞ்சிடும். கழட்டு, சீக்கிரம்!"

அந்தக் கரையில் பிறந்தவனுக்குப் படகுத்துறை என்றால் மீன் இறக்குகிற துறைதான். கழிக்கு அந்தப் பக்கம் பணக்காரர்கள் படகு கட்டுகிற இடத்தின் பெயர் கிளப்பு. அதைத் துறை என்று எவனும் சொன்னதில்லை. மேனேஜருக்கோ இந்தத் துறை ஒன்று இருப்பதே ஞாபகமில்லை.

"அடப் பாவிங்களா! எங்க வயித்துல மண்ணப் போட்டுட்டு விளையாட்டு கேக்குதா உங்களுக்கு?" என்று மீன்காரம்மா ஒருத்தி ஜீப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கூட்டம் சுற்றி வளைத்தது. மேனேஜர் பதறிப்போய் டைரக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் பாட்டும் சிரிப்பும் கேட்டன.

"அந்தச் சேத்துல அப்படி என்ன இருக்கு?" என்றார் டைரக்டர்.

"என் தங்கச்சி இருக்கா சார்" என்றான் மேஸ்திரி.

"அப்ப அவளக் கரையேறி நிக்கச் சொல்லுய்யா!"

போனுக்குள் நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மேஸ்திரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வேலியின் பூட்டைக் கழற்ற இருந்த ஒரே ஸ்பேனரைத் தூக்கித் தண்ணீரில் வீசினான். "வேணும்னா நீங்களே எறங்கிக் கழட்டிக்கோங்க சார்."

மேனேஜர் தன் பளபளக்கும் ஷூவைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்" என்று கத்திவிட்டு, ஜீப்பை அங்கேயே விட்டுக் கூட்டத்துக்கு நடுவே ஓடினார். முதுகில் இரண்டு செருப்புகள் விழுந்தன.

பத்தரைக்குத் தண்ணீர் ஏறியது. எண்ணெய் வேலியில் முட்டி நின்று, மெதுவாகக் கிளப்புப் பக்கம் திரும்பியது. பதினோரு மணிக்கு வெள்ளைப் படகுகளுக்கெல்லாம் கறுப்பு அரைஞாண் கட்டியாகிவிட்டது. அலறியடித்து இறங்கிய டைரக்டர் படியில் வழுக்கி விழுந்தார். மதில்மேல் நின்ற ஊர்ச்சனம் கைதட்டியது, தூக்கிவிட ஒரு ஆள் இறங்கவில்லை.

மேஸ்திரி கிளப்புக்குப் போகவில்லை. கழியோரம் நின்றிருந்தான். தங்கை முழங்கால் சேற்றில் குனிந்து ஒரு பிடி மட்டியை அள்ளி முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாடை இல்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தான்.

"அண்ணே, காலையில அந்த ஆளு கிளப்புன்னே தெளிவாச் சொல்லியிருந்தா, எங்க போட்டிருப்பே?"

மேஸ்திரிக்கு அவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"கிளப்புலதான்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி சேற்றில் குனிந்தாள்.