தண்ணீர்க் குழியில் இரண்டு கோடு

தண்ணீருக்கு ஏது மரபணு? ஆனால் அன்று மதியம் ஆய்வகத் திரையில், சோதனைத் தட்டின் கடைசிக் குழியில் மட்டும் இரண்டு கோடுகளும் பளிச்சென்று நின்றன. அந்தக் குழியில் நான் விட்டிருந்தது வெறும் தண்ணீர். சோதனை சுத்தமாக நடந்ததா என்று பார்க்கத்தான் அதை விடுவது.

"சனியனே, உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று திரையைப் பார்த்தே திட்டினேன். திட்ட வேறு யாரும் அங்கே இல்லை.

விஷயம் இதுதான். வாடல் நோயைத் தாங்கும் குணமும் இலைச்சுருட்டலைத் தாங்கும் குணமும் ஒரே தக்காளிச் செடியில் சேர வேண்டும். இரண்டும் ஜென்மப் பகையாளிகள், ஒன்று வந்த செடிக்கு மற்றது லேசில் வராது. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் அந்தச் செடிகளைக் கலந்தோம். நாற்று வளர்ந்து காய்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இலையில் பொட்டளவு கிள்ளிச் சோதித்தால் குணத்துக்கு ஒரு கோடு தெரியும். இரண்டு கோடும் இருந்தால் செடிக்கு வாழ்வு. இல்லையென்றால் குப்பை.

அவர் வேறு ஊர்ப் பண்ணைக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். சண்டை இல்லை. சண்டை போடுமளவுக்குக்கூட எங்களுக்குள் பேச்சு மிஞ்சவில்லை. கிளம்பும்போது, "ரெண்டும் சேர்ந்த செடி ஒண்ணு கெடச்சா சொல்லு, நானே வந்து பாக்குறேன்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இலை கிள்ளிக்கொண்டிருந்தேன். பயிருக்காக, நாட்டுக்காக என்றெல்லாம் பசப்ப மாட்டேன். அவர் வர வேண்டும், அவ்வளவுதான்.

எந்த நாற்றிலும் இரண்டு கோடு இல்லை. "எல்லாத்தையும் பிடுங்கிடுங்கண்ணே, ஒண்ணும் தேறல" என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை. சோதனைத் தட்டின் ஒரு மூலை வெட்டியிருக்கும், எந்தப் பக்கம் முதல் குழி என்று தெரிவதற்காக. காலையில் இயந்திரத்தில் வைக்கும்போது அந்த மூலையைப் பார்த்தேனா? எங்கே பார்த்தேன், அவர் வந்தால் என்ன பேசுவது என்றல்லவா யோசித்துக்கொண்டிருந்தேன்! தட்டு தலைமாடு கால்மாடாகப் போயிருக்கிறது. அப்படியானால் கடைசிக் குழியில் தெரிந்தது தண்ணீரல்ல, முதல் நாற்று.

கை கழுவாமல் ஓடினேன். பசுமைக்குடிலுக்குப் பின்னால் நாற்றுகள் குவியலாகக் கிடந்தன.

"என்னம்மா, நீங்கதானே பிடுங்கச் சொன்னீங்க?"

"ஆமாண்ணே, என் புத்தியத்தான் முதல்ல பிடுங்கணும். ஒண்ணாம் நம்பர் எங்க?"

இருவரும் குப்பையைக் கிளறினோம். ஒண்ணாம் நம்பர்ச் சீட்டோடு அந்த நாற்று தலை தொங்கிக் கிடந்தது, ஆனால் வேரில் ஈரம் இருந்தது. ஒரு தொட்டியில் நட்டு, நிழலில் வைத்தேன். மறுநாள் காலையில் நிமிர்ந்துவிட்டது. மறுபடி சோதித்தேன், மூலையை மூன்று முறை பார்த்துவிட்டு. இரண்டு கோடு!

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். போனில், "அடி சக்கை! நிஜமாவா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. "வெள்ளிக்கிழமை வண்டி வருது, தயாரா இரு."

தயாராகத்தான் இருந்தேன். வீட்டை ஒட்டடை அடித்து, புது விரிப்பு போட்டு, விடியும் முன்பே இரண்டு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

வண்டியிலிருந்து டிரைவர் மட்டும் இறங்கினார்.

"சார் செடிய பத்திரமா வாங்கிட்டு வரச் சொன்னாரும்மா."

"அவர் வரலையா?"

"இல்லீங்களே. அவர் வர்றதா ஒண்ணும் சொல்லலையே."

தொட்டியை டிரைவர் கையில் கொடுத்தேன். அதைப் பிடித்திருந்த என் விரல்கள் உடனே விடவில்லை.

"சார்கிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?"

"வெயில்ல வைக்க வேணாம்னு சொல்லுங்க. இப்பதான் வேர் பிடிச்சிருக்கு."

"செடியத்தானே?"

"பின்ன என்னையா?"

டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். நான் வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில் இரண்டு பேர் சாப்பாட்டையும் ஒருத்தியாகவே சாப்பிட்டு முடித்தேன். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.