இரவல் மெஷின்

உதவி மையத்துச் சுவரில் ஒட்டியிருந்ததை முதலில் படித்தது நான்தான். சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு வரும் வழியில் அந்தக் கட்டடம் இருக்கிறது. தலை நரைத்தபிறகு எழுத்துப் பழகியவனுக்குச் சுவரில் எது தெரிந்தாலும் கூட்டிப் படிக்காமல் கால் நகராது. சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு இலவச ஆலோசனை என்று போட்டிருந்தது. வாரம் ஒருநாள் கணக்கு வகுப்பு. அதற்குக் கீழே, தையல் மெஷின்கள் இரவலாகக் கொடுக்கப்படும்.

நேரே அண்ணியிடம் போய்ச் சொன்னேன்.

அண்ணனும் நானும் ஒரே கூட்டத்தில் சுமை தூக்கினவர்கள். லாரி மேலே நின்று இறக்கும்போது கால் வழுக்கி, அண்ணன் மூட்டையோடு கீழே விழுந்தார். அதற்கப்புறம் யாராவது கை கொடுத்தால்தான் உட்காருவார், எழுந்திருப்பார். அண்ணி சாயங்காலத்தில் ஓர் ஆபீஸைப் பெருக்கித் துடைக்கப் போவார். நான் சந்தையில் இருப்பேன். ஒருநாள் அண்ணி திரும்பி வந்தபோது, அண்ணன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். எவ்வளவு நேரமாய்க் கிடந்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. அன்றோடு அண்ணி முடிவு பண்ணிவிட்டார், வீட்டை விட்டு நகராமல் செய்கிற வேலை ஒன்று வேண்டும் என்று.

அவரே ஒன்றைக் கண்டுபிடித்தும் வைத்திருந்தார். சந்தைக்காரர்களுக்குத் தார்ப்பாயில் உறை தைத்துக் கொடுப்பது. தள்ளுவண்டிக்கு ஒன்று, தராசுக்கு ஒன்று. கோணி ஊசியால் கையிலேயே தைத்து உள்ளங்கை சாக்கு மாதிரி ஆகிவிட்டது. கனத்த துணி தைக்கிற மெஷின் வாங்க நமக்கு ஏது வழி?

மையத்து மேடம் நல்ல மனுஷி. அண்ணி தைத்த உறையை இழுத்துப் பார்த்துவிட்டு, "கையால தைச்சதா இது?" என்று இரண்டு தரம் கேட்டார். "அரை வருஷம் வச்சுக்குங்க. நடுவுல வந்து பார்ப்போம். தொழில் நல்லா ஓடுச்சுன்னா மெஷின் உங்களுக்கே."

கூட்டாளி ஒருத்தனைச் சேர்த்துக்கொண்டு மூன்று மாடி தூக்கி வந்து ஜன்னலோரம் இறக்கினேன். மறுநாளே அண்ணி ஆபீஸ் வேலையை விட்டார்.

"இரவல் சேலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்சாளாம் ஒருத்தி," என்றார் அண்ணன், படுத்தபடி.

"எறிஞ்சது கந்தைதானே. போனாப் போகுது," என்றார் அண்ணி.

வேலை ஓடத்தான் செய்தது. சந்தையில் நான் எடுத்துவரும் அளவுப்படி அண்ணி வெட்டித் தைப்பார். நூல் பிசிறு நறுக்குவது அண்ணன் வேலை. கட்டிலில் சாய்ந்துகொண்டு கத்தரியும் கையுமாக, "முதலாளியம்மா, சம்பளம் எப்போ?" என்பார். "முதல்ல ஒழுங்கா வெட்டுங்க, அப்புறம் யோசிக்கிறேன்," என்பார் அண்ணி. விழுந்த பிறகு அண்ணன் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

அப்புறம் மேடம் பார்க்க வருவதாக போன் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிறத்தியார் சரக்கு நம் கையில் இருந்த அடையாளமே தெரியக்கூடாது. ஒரு கறை, ஒரு கிழிசல் இருந்தால் அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள். அண்ணனுக்கு அது ரத்தத்தில் ஊறினது. "இரவல் பொருள்மா. வந்த மாதிரியே இருக்கணும்," என்று படுத்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அண்ணி செய்தார். துணித் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பையில் போட்டார். மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டார். வருகிறவர் கையில் குத்திவிடும் என்று ஊசியைக்கூடக் கழற்றிவைத்தார். பெட்டியிலிருந்த புதுப் போர்வையை எடுத்து மேலே போர்த்தினார். தைத்து முடித்த உறைகள் அறையை அடைத்துக்கொண்டிருந்தன. காலையிலேயே அவற்றை என் தலையில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்.

மத்தியானம் நான் வந்தபோது இரண்டு பேர் முகமும் மலர்ந்திருந்தது.

"ஒரு குறை சொல்லலை தம்பி," என்றார் அண்ணி. "எப்படிம்மா போகுதுன்னு கேட்டாங்க. ஏதோ உங்க புண்ணியத்துல கொஞ்சநஞ்சம்னு சொன்னேன்."

"நான் சொன்னதைச் சொல்லு," என்றார் அண்ணன்.

"இவர் சொன்னாரு, அதிகமா ஓட்டறதே இல்லைங்க மேடம், பூ மாதிரி வச்சிருக்கோம்னு."

எனக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது. மூன்று பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

மறுவாரம் மையத்திலிருந்து மறுபடி போன். மெஷின் சும்மா இருக்கிறதாம், காத்திருக்கிறவர்கள் நிறையப் பேராம், திருப்பித் தந்துவிட வேண்டுமாம்.

நான் ஓடினேன். மேடம் என்னை உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"ஒரு துண்டு துணி கண்ணுல படலையேங்க. ஊசிகூட மாட்டலை. ஓட்டறதில்லைன்னு உங்க அண்ணனே சொன்னாரே."

"அது மரியாதைக்குச் சொன்னது மேடம்."

"எனக்கு எப்படிங்க தெரியும்? இன்னொரு அம்மாவுக்குத் தர்றதாச் சொல்லிட்டேன். அவங்களும் ரொம்ப நாளாக் காத்திருக்காங்க. கைக்குழந்தை வேற." கொஞ்சம் யோசித்தார். "இங்க பொது அறையில ஒரு மெஷின் இருக்கு. பகல்ல வந்து தைக்கச் சொல்லுங்களேன்."

வீட்டை விட்டு வர முடியாது என்பதற்காகத்தானே இந்தப் பாடு எல்லாம். அதை அவரிடம் சொன்னேன். அடுத்த மெஷின் வந்தால் பார்க்கிறேன் என்றார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

திருப்பிக் கொடுக்கத் தூக்கப் போன அன்றைக்கு அண்ணி தரையில் உட்கார்ந்து, மெஷின் பல்லிடுக்கில் இருந்த பஞ்சை ஊசியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க அண்ணி. அதையாவது பார்க்கட்டும்."

"இரவல் பொருளை அழுக்கோட கொடுக்கச் சொல்றீங்களா?" என்றார். கை நிற்கவில்லை.

பழைய ஆபீஸில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அண்ணிக்கு இப்போது பஸ் ஏறிப்போகிற தூரத்தில்தான் வேலை கிடைத்திருக்கிறது. அண்ணி கிளம்பும்போது நான் வாசலில் நின்றேன். எனக்கும் சந்தைக்கு நேரமாகிவிட்டது.

"நல்லாப் பார்த்துக்கிட்டோம்னுதானே சொன்னேன்," என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. அந்த வாரம் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம்." அண்ணி தண்ணீர்ச் செம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டவர், மறுபடி உள்ளே வந்து அதை இன்னும் கொஞ்சம் கைக்கெட்டுகிற மாதிரி வைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க."