பின்பக்கத் தையல்

எங்கள் பட்டறையில் யாரும் யாருக்கும் நன்றி சொல்கிற வழக்கம் கிடையாது. சோபா, நாற்காலி, கார் சீட் என்று எது வந்தாலும் பழைய துணியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு தைத்துப் போர்த்திக் கொடுக்கிற பட்டறை. முதலாளி என் அண்ணன். முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்து போன் எடுப்பது, துணி மாதிரிகளைக் காட்டுவது, "நாளைக்குக் கட்டாயம் ரெடியாயிடும்" என்று முகம் மாறாமல் பொய் சொல்வது, இதெல்லாம் என் வேலை. உள்ளே ஸ்பாஞ்ச் வெட்டி ஒட்டுகிறவர் பஞ்சு மாமா. எனக்கு உறவு முறையில் மாமா இல்லை. எந்நேரமும் தலையில் பஞ்சுத் துகளோடு திரிகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

மெஷினில் தையலக்கா. பட்டறை ஓடுவது அவரால்தான். இது எனக்குத் தெரியும், பஞ்சு மாமாவுக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடும். ஒரு சோபா முடிந்தால் அதில் போய் உட்காருவான், எழுந்து இன்னொரு தடவை உட்காருவான், "ம்" என்பான். அந்த "ம்" வந்தால் வண்டியில் ஏற்றலாம். வராவிட்டால் "அந்த ஓரம் இழுக்குது" என்பான். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பிரிப்பார்.

அக்கா அவனுக்கு மேல். சுவரோரம் போடப்போகிற சோபாவின் பின்பக்கம்கூட நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். "பின்னாடி யாருக்கா பார்க்கப் போறாங்க?" என்று கேட்டால், "வீடு பெருக்கறவங்க நகர்த்திப் பார்ப்பாங்க இல்ல?" என்பார். ஊரார் முதுகுக்கெல்லாம் மெத்தை தைத்துவிட்டு, அவர் உட்கார்ந்திருந்ததோ சாய்மானம் இல்லாத ஒரு மர ஸ்டூலில், ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு. நடுநடுவே இடது இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய பர்னிச்சர் ஷோரூம் அவரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஏசி அறை, சாய்ந்துகொள்ள நல்ல நாற்காலி. அக்கா வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இது காதுக்கு வந்ததும் அண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணி ஒரு அலுவலகத்தில் ஆட்களைக் கவனிக்கிற வேலையில் இருக்கிறார். வியாபாரிகள் சங்கம் நடத்திய ஒரு வகுப்புக்கு அண்ணனைப் பிடித்துத் தள்ளியது அவர்தான். கூட வேலை செய்கிறவர்களுக்கு நன்றி சொல்லப் பழகுவது எப்படி என்று வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை காலை நேராக மெஷின் பக்கத்தில் போய் நின்றான். குறை சொல்வதற்குத் தவிர அவன் அங்கே போக மாட்டான் என்பதால் அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஏம்மா," என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "இத்தனை நாளா இங்க வேலை பார்த்ததுக்கு ரொம்ப நன்றி."

சொல்லிவிட்டு அங்கிருந்து பஞ்சு மாமாவிடம் போய் அதையே ஒப்பித்தான். மாமா கையிலிருந்த பசை பிரஷ் கீழே விழுந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் பட்டறையில் இதற்கு முன்னால் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அண்ணன் நன்றி சொல்லியிருக்கிறான். சொந்த வேனை விற்றபோது, அதை ஓட்டிய டிரைவருக்கு. இதே வாக்கியம், எழுத்து மாறாமல். மறுநாளிலிருந்து டிரைவர் வரவில்லை.

மாமா என் மேஜைக்கு ஓடி வந்தார். "வாயாடி, உண்மையைச் சொல்லு. உன் அண்ணன் பட்டறையை வித்துட்டானா?"

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அக்கா எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டீ நேரத்தில் பின்வாசலுக்குப் போய்ப் போன் பேசினார். சாயங்காலம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சனிக்கிழமை வரைக்கும் வர்றேன். அந்த டாக்டர் வீட்டு சோபாவை முடிச்சுக் கொடுத்துட்டு ஷோரூமுக்குப் போயிடறேன்."

"என்னக்கா விளையாடறீங்களா? யாரு உங்களைப் போகச் சொன்னா?"

"அதான் நன்றி சொல்லிட்டாரே."

"ஐயோ அக்கா, அது ஏதோ வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்களாம்."

"நன்றி சொல்ல வகுப்புக்குப் போவாங்களா? எனக்குக் காது குத்தாத." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இத்தனை வருஷமா திட்டியிருக்காரு. ஒரு நாள் கோவிச்சிருப்பேனா? நம்ம ஆளுன்னுதானே திட்டறாருன்னு நினைச்சேன். இன்னைக்கு என்னை வெளி ஆளாக்கிட்டாரு. அப்படி இல்லைன்னா அவரே வந்து இருன்னு சொல்லட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அண்ணனை ஸ்பாஞ்ச் அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"நன்றி சொல்லி விரட்டிட்டியே, உன்னை என்ன பண்றது?"

அவனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "நான் இருக்கணும்னுதானே சொன்னேன்?"

"அதை என்கிட்ட சொல்லாத. அங்க போய்ச் சொல்லு."

போனான். மெஷின் பக்கத்தில் நின்றான். அக்கா நிமிர்ந்து பார்த்தார். நானும் மாமாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவன் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"அந்த ஓரம் கொஞ்சம் இழுக்குது," என்றான்.

அக்கா அதைப் பிரித்தார். வழக்கமாகத் தூக்கி வைத்துக்கொள்கிற முகம்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கு அவனோடு அவன் வீட்டுக்கே போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி அவனைத்தான் கேட்டார்.

"என்ன சொல்லி நன்றி சொன்னீங்க?"

"இத்தனை நாளா வேலை பார்த்ததுக்குன்னு."

"அவ்வளவுதானா? எதுக்குன்னு சொல்லலையா?"

"எல்லாத்துக்கும்தான்."

"எல்லாத்துக்கும் நன்றின்னு பிரியும்போதுதான் சொல்லுவாங்க. இன்ன காரியத்துக்குன்னு சொல்லணும். வகுப்புல அதைத்தானே முக்கியமா சொல்லியிருப்பாங்க? தூங்கிட்டீங்களா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தூங்கித்தான் இருக்கிறான்.

அந்த வாரம் முழுக்க அவன் அக்காவை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். சும்மா பார்த்தால் போதுமா, வாய் எதற்கு இருக்கிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை டாக்டர் வீட்டு சோபா முடிந்தது. "ம்" சொல்லக்கூட ஆள் இல்லை. மத்தியானமே எங்கோ போய்விட்டான். அக்கா வாசலையே இரண்டு மூன்று தடவை பார்த்தார். "சொல்லிட்டுப் போகலாம்னு பார்த்தேன்," என்றார். அவருடைய பெரிய கத்தரிக்கோல் சாணைக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து அதை வாங்கிக்கொண்டு அப்படியே ஷோரூமுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை நான் போனபோது மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு நாற்காலி இருந்தது.

அதை நாற்காலி என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. நீலத் துணி. ஓரத்தில் கயிறு வைத்துச் சுருட்டித் தைக்கிற குழாய்த் தையல் குடிகாரன் நடந்த மாதிரி போயிருந்தது. ஒரு மூலையில் துணி மிஞ்சிக் கொசகொசவென்று சுருங்கியிருந்தது. அண்ணன் ஸ்பாஞ்ச் அடுக்குப் பக்கம் நின்று எதையோ தேடுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தான். அவன் விரல்கள் மூன்றில் பிளாஸ்டர். அவனுக்குத் தைக்கத் தெரியாது. பஞ்சு மாமா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வந்தார். கத்தரிக்கோலை எடுத்துக்கொடுத்தேன். வாங்கியவர் நாற்காலியைப் பார்த்தார்.

"இது யார் தைச்சது?"

மாமா உத்தரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதையா வெளிய அனுப்பப் போறீங்க?"

"வெளிய போகாது," என்றான் அண்ணன், அடுக்குக்குள்ளிருந்து. "அது மெஷினுக்கு."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். கால் மிதிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. சாய்ந்தார். அப்புறம் இடது பக்கம் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். வலது பக்கம் அழுத்தினார். மறுபடியும் இடது பக்கம்.

"இந்தப் பக்கம் ஸ்பாஞ்ச் கூட இருக்கே, மாமா?"

"நான் ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வெட்டினேன்," என்றார் மாமா. "அந்தப் பக்கம் இன்னொரு துண்டு வைங்கன்னு முதலாளிதான் உயிரை எடுத்தான். அங்கதான் உனக்கு வலிக்குமாம்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கை இடது இடுப்பிலேயே இருந்தது. அண்ணன் அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டான். எனக்கு அவனை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கூடவே தலையில் ஒரு குட்டு வைக்கவும்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா போனை எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ பேசினார்கள்.

"இல்லைங்க, வர முடியாதுங்க... ஆமாங்க... கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க."

கடைசி வார்த்தை மட்டும் வாசல் வரைக்கும் கேட்டிருக்கிறது. அண்ணன் ஓடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"யாருக்கும்மா நன்றி சொன்ன?"

"ஷோரூமுக்கு."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ம்," என்றான்.

"என்ன ம்? இந்தக் கண்றாவி மேல உட்கார்ந்து நான் எப்படித் தைக்கறது? வர்றவங்க பார்த்தா என் பேரு என்ன ஆகும்?" என்று அக்கா எழுந்து நாற்காலியைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்தார். அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. மூலையைப் பிரித்தார், குழாய்த் தையலைப் பிரித்தார், ஒவ்வொரு நூலை உருவும்போதும் அண்ணனை ஒரு வார்த்தை திட்டினார். அவன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

மத்தியானத்துக்கு மேல் நாற்காலி ஷோரூமில் வைக்கிற மாதிரி வந்து நின்றது. சுற்றி வந்து பார்த்தேன். முதுகுப் பக்கத்தில் மட்டும் அண்ணனுடைய தையல் அப்படியே கோணல்மாணலாக மேலிருந்து கீழே இறங்கியது.

"அக்கா, பின்பக்கத்தை விட்டுட்டீங்களே."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அது இருக்கட்டும்," என்றார்.