கடைசி முனையில் ஒரு சிவப்பு அம்பு

எங்கள் குழுவில் விதிகள் அதிகமில்லை. நேரத்துக்கு வர வேண்டும். அடுத்தவர் அழுதால் வேடிக்கை பார்க்கக் கூடாது. "தைரியமா இரு" என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னவர் அன்றைக்கு எல்லோருடைய டீ கப்பையும் கழுவ வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கொண்டுவந்தது கேஷியர் அக்கா. அவருக்கு நோய் வந்த சமயம், வங்கியில் பணம் கட்ட வந்தவர்கள்கூடக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்களாம். "சொல்றவங்களுக்கு வேலை முடிஞ்சிடுது. நாமதான் அதையும் சேர்த்துத் தூக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கு" என்பார்.

நாங்கள் கூடுவது மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கே நோயாளிகள் வருவதில்லை. சுவரில் கையை மெல்ல மெல்ல ஏற்றிப் பழக ஒரு மரச்சட்டம், மூலையில் பாதிக் காற்றுப் போன பெரிய பந்து, ஒரு கட்டில், அதைச் சுற்றி இழுத்து மூடப் பச்சைத் திரை. வருகிறவர்கள் எல்லோரும் மார்பகப் புற்றுநோய்க்காரர்கள். சிலருக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது, சிலருக்கு நடக்கிறது, சிலருக்கு மறுபடி ஆரம்பித்திருக்கிறது. டீ எல்லோருக்கும் ஒரே மாதிரி மோசமாக இருக்கும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால் குழுவில் எனக்குப் பெயர் பிரேக்கு. குணத்துக்கும் பொருந்துகிறது என்று கேஷியர் அக்கா சொல்வார். இடது மார்பை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் உள்ளாடைக்குள் ஒரு பஞ்சுப் பொதியை வைத்துக்கொள்கிறேன். சீட் பெல்ட் சரியாக அந்தத் தோளிலிருந்துதான் இறங்கும். கற்றுக்கொள்ள வந்தவர் திடீரென்று பிரேக்கை மிதித்தால் பொதி தன் இஷ்டத்துக்குப் புறப்பட்டுவிடும். ஒருமுறை அது கழுத்துக்குக் கீழே நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓட்டிக்கொண்டிருந்த பல்மருத்துவர் பாடம் முடியும்வரை சாலையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக அவர் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை.

குழுவில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் புதியவர் கேட்டால், அதே ஆபரேஷன் முடிந்த ஒருவர் பச்சைத் திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றிக் காட்டுவார். கட்டாயமில்லை. ஆனாலும் அநேகமாக எல்லோரும் காட்டியிருக்கிறார்கள். நான் காட்டியதில்லை. யாருக்குமே காட்டியதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்த அன்று அவர், "கட்டு மாத்தணுமா? நான் பாக்கட்டுமா?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம், போங்க" என்று கத்தினேன். போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் அறைக்குள் வருமுன் கதவருகே நின்று இருமுகிறார். சொந்தப் படுக்கையறை வாசலில், அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். எரிச்சல் அடங்கியதும் வருத்தமாக இருக்கும். வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாததால் மறுபடி எரிந்து விழுவேன்.

அந்தச் சனிக்கிழமை வந்த புதியவளுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவாக இருக்கும். ஏற்றுமதித் துணித் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்துத் தையலைச் சரிபார்ப்பது அவள் வேலை. குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். முன்கையில் வாட்ச் கட்டும் இடத்தில் வரிசையாகச் சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன. உட்கார்ந்ததும் தன் நாற்காலி உறையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவளுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். இடது பக்கம், முழுவதுமாக. இதற்குமுன் இரண்டு தடவை தேதி வாங்கி இரண்டு தடவையும் போகவில்லை. இனியும் தள்ளிப்போட்டால் கத்தி வைத்துப் பிரயோஜனமில்லாமல் போய்விடும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார்.

"ஏம்மா போகல?" என்று கேட்டார் கேஷியர் அக்கா.

"கையெழுத்து போடச் சொன்னாங்க. பாக்காத பீஸுக்கு நான் கையெழுத்து போட்டதே இல்ல. கை வரல."

"பாக்கணும், அவ்வளவுதானே? வா, நான் காட்டறேன்" என்று அக்கா திரையைப் பிடித்தார்.

"உங்களுக்குச் செஞ்சது யாருக்கா?"

அக்கா பெயரைச் சொன்னார். பழைய சர்ஜன், ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது.

"அப்ப அது வேற கை. எனக்குத் தைக்கப்போறவரோட தையலத்தான் நான் பாக்கணும்."

அக்கா திரையிலிருந்து கையை எடுத்தார். இப்போதைய சர்ஜனிடம் போனவர்களில் ஒருவருக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள், இன்னொருவருக்கு வயிற்றுச் சதையை வைத்து மறுபடி கட்டினார்கள். அதே கை, அதே பக்கம், வழித்தெடுத்த மாதிரி தட்டையாக இருப்பது எனக்கு மட்டும்தான். எல்லோரும் மிகவும் நாகரிகமாக என்னைப் பார்க்காமல் இருந்தார்கள்.

"எனக்கு நாலு மணிக்கு ஒரு பாடம் இருக்கு" என்று எழுந்துவிட்டேன். பாடம் எதுவும் கிடையாது.

காரில் போய் உட்கார்ந்தேன். பழக்கத்தில் பயிற்சியாளர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து எப்படி ஓட்டிக்கொண்டு போவது என்று யோசிக்கும்போது ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. செக்கர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"பெல்ட் போடு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளும் போட்டுக்கொண்டாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"உங்களத் தொந்தரவு பண்ண வரலக்கா. அந்த ரூமுல இருக்க முடியல. எல்லாரும் என்னயப் பாவமாப் பாக்கறாங்க."

"நான் பாவமா பாக்கலியா?"

"நீங்க கோவமாத்தான் பாக்கறீங்க. அது பரவால்ல."

சற்று நேரம் ஸ்டியரிங்கின் உறைத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "கண்ண மூடினா ஒவ்வொரு மாதிரித் தெரியுதுக்கா. குழி மாதிரி, கிழிஞ்ச மாதிரி. ஒண்ணவிட ஒண்ணு கேவலமா. நெசமா எப்படி இருக்கும்னு ஒண்ணப் பாத்துட்டா மத்ததெல்லாம் போயிடும்னு நெனச்சேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, நான்கு வருடத்துக்கு முன்பு. அப்போது இந்தக் குழு இருப்பதே எனக்குத் தெரியாது. கண்ணை மூடவே பயந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு கிடந்தேன். இந்தப் பெண் இப்படியே வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை வரமாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வராமல் போனால் செத்துப்போவாள். என் சட்டைப் பொத்தான்களுக்காக ஒருத்தி சாகப்போகிறாள் என்று நினைத்ததும் எனக்கு என் மேலேயே அடக்க முடியாத கோபம் வந்தது.

"பெல்ட்டக் கழட்டு. வா" என்றேன்.

அறையில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் தவிர ஒன்றுமில்லை. நான் திரைக்குப் பின்னால் போய்ப் பொத்தான்களைக் கழற்றினேன். பொதியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, திரை தொங்கும் கம்பியின் வளையங்களைப் பார்த்தபடி நின்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மேசைமேல் வந்து விழுந்த பீஸைப் பார்க்கிற மாதிரி, நெஞ்செலும்பிலிருந்து ஆரம்பித்து அக்குள்வரை பார்த்துக்கொண்டே போனாள். "தொடலாமாக்கா?" என்றாள். தொட்டுக்கொள்ளச் சொன்னேன். தொட்டது எனக்குத் தெரியவில்லை. அந்தத் தோலுக்கு உணர்ச்சி போய் நான்கு வருடமாகிறது.

"நேராத்தான் தச்சிருக்கார்" என்றாள் கடைசியில். "இழுப்பு சமமா இருக்கு. இந்தக் கடைசி முனையில மட்டும் கொஞ்சம் சுருக்கம் விழுந்திருக்கு."

"அப்படியா?"

"எங்க கம்பெனின்னா பிரிச்சுத் தைக்கச் சொல்லி ஆல்டருக்கு அனுப்பிருப்பேன். ஆனா..." மூச்சை நீளமாக விட்டாள். "நான் நெனச்சதுல எதுவுமே இப்படி இல்லக்கா. இதோட இருந்துக்கலாம்."

என் நான்கு வருட ரகசியத்துக்கு இவ்வளவுதான் மரியாதை. கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ காலையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

அன்று மாலை குளிக்கும்போது பக்கவாட்டில், அக்குளுக்குக் கீழே, உடம்பு தேய்க்கும் துணியில் ஏதோ தட்டுப்பட்டது. காகித ஓரம் மாதிரி இருந்தது. சுரண்டினேன், வரவில்லை. பலமாகச் சுரண்டவும் பயம், அந்தப் பக்கம் கீறல்கூடப் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். குளியலறைக் கண்ணாடியைக் கழுத்துக்குக் கீழே தெரியாதபடி நான்தான் உயரத்தில் மாட்டச் செய்திருந்தேன். வேறு வழியில்லாமல் அதைக் கழற்றி இறக்கிப் பிடித்தேன். நான்கு வருடத்தில் முதல் தடவையாக முழுவதையும் பார்த்தேன். தழும்பின் கடைசி முனையில், சுருக்கத்தைக் காட்டிக்கொண்டு, ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

அவள் வேண்டுமென்று செய்திருக்கமாட்டாள். குறையைக் கண்டால் கை ஒட்டிவிடும், அவ்வளவுதான். தன் கை செய்தது அவளுக்கே தெரிந்திருக்காது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வெளியே அறை வாசலில் இருமல் கேட்டது.

"என்ன ஆச்சு? விழுந்துட்டியா?"

சிரித்தால் விழுந்துவிட்டேனா என்று கேட்கும் நிலைமைக்கு மனுஷனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தேன்.

"உள்ள வாங்க. ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கிச்சு, எனக்கு எட்டல. எடுத்து விடுங்க."

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துப் பலகையைப் படிக்கவைத்திருக்கிறார். உள்ளே வந்து, கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு குனிந்து, நகம் படாமல், விரலின் சதையால் ஓரத்தை உருட்டி உருட்டி அதை எடுத்தார். எடுத்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"கொற இருக்கற எடத்துல ஒட்டுவாங்களாம்."

மறுபடி குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எங்க?" என்றார்.

"கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க."

"போட்டுட்டுத்தான் பாக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை செக்கரை என் காரில் நானே கூட்டிக்கொண்டு போனேன். அம்பு விஷயத்தைச் சொன்னதும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வழி நெடுக மன்னிப்புக் கேட்டாள். இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டால் இறக்கிவிட்டுவிடுவேன் என்றேன். கையெழுத்தை நின்ற நிலையிலேயே போட்டாள். சர்ஜன் வந்து வெட்டப்போகும் இடத்தில் பேனாவால் கோடு வரைந்தபோது மட்டும் மறுபடி செக்கராகிவிட்டாள்.

"டாக்டர், கடைசி முனையில கொஞ்சம் பாத்துத் தைங்க. அக்காவுக்குச் சுருக்கம் விழுந்திருக்கு."

சர்ஜன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்புகளைப் படித்தேன்.

"முயற்சி பண்றேன்மா" என்றார்.

ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை தள்ளுவண்டியில் படுத்தபடி அவள் பேசிக்கொண்டேதான் வந்தாள். கதவு திறந்து குளிர் முகத்தில் அடித்ததும் பேச்சு நின்றுவிட்டது. என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிளட்சை மெதுவாக விடு, பின்னால் பார் என்பதுதான். அவள் கண்ணைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

"தைரியமா இரு."

தள்ளுவண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் தலையை மட்டும் தூக்கி, "அக்கா, சொல்லிட்டீங்க!" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கேஷியர் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து, இருமாமல், மறுபக்கம் உட்கார்ந்தார். வெளியே விளக்குப் போடும் நேரத்துக்கு ஒரு நர்ஸ் வந்தாள்.

"முழிச்சிட்டாங்க. நல்லா இருக்காங்க. பிரேக்குன்னு யாராவது இருக்கீங்களா?"

கையைத் தூக்கினேன். இடது கை, முழு உயரத்துக்கும்.

"மொதல்ல தண்ணி கேட்டாங்க. அப்புறம் உங்ககிட்ட ஞாபகப்படுத்தச் சொன்னாங்க, சனிக்கிழமை கப்பெல்லாம் நீங்கதான் கழுவணுமாம். என்ன கப்புங்க?"

"டீ கப்பு" என்றேன். அதற்குமேல் பேச வரவில்லை, அழுதுவிட்டேன். கேஷியர் அக்கா விதிப்படி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.